சம்பளம் கேட்டால் கம்பெனி வியட்நாமுக்குப் போய்விடுமா?

கேள்வி: ஐயா, வந்தவாசிப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. மகள் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் செல்போன் லைனில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது வருடம் நடக்கிறது, இன்னும் காண்ட்ராக்ட்தான். பிடித்தம் போகக் கையில் வருவது பதினான்காயிரத்துச் சொச்சம். போன மாதம் சில பெண்கள் சேர்ந்து சம்பளத்தை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். “இதற்கு மேல் கேட்டால் கம்பெனியே வியட்நாமுக்குப் போய்விடும், அப்புறம் இந்தப் பதினான்காயிரமும் கிடையாது” என்று பதில் வந்ததாம். டிவியைப் போட்டால் ஆயிரம் கோடி முதலீடு, பத்தாயிரம் கோடி முதலீடு என்று செய்தி ஓடுகிறது. இத்தனை கோடி வந்தும் இவள் சம்பளம் ஏன் ஏறவில்லை? கேட்டால் நிஜமாகவே போய்விடுவார்களா? கேள் என்று சொல்வதா, பேசாமல் இரு என்று சொல்வதா, தெரியவில்லை.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை

பதில்: பயமுறுத்தியவர் ஊர்ப் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வியட்நாமில் குறைந்தபட்சச் சம்பளத்தை அரசே மண்டல வாரியாக நிர்ணயிக்கிறது. ஹனோயும் ஹோ சி மின் நகரமும் அடங்கிய முதல் மண்டலத்தில் 2024 ஜூலையில் அது மாதம் 49.6 லட்சம் டோங் ஆனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 16,000 ரூபாய். இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்த அளவு. ஓவர்டைமும் படிகளும் சேர்ந்தால் கையில் வருவது இன்னும் கூடும். உங்கள் மகள் அங்கே போய் இதே வேலையைச் செய்தால் இங்கே வாங்குவதைவிட அதிகமாகத்தான் வாங்குவார். சம்பளம் மலிவு என்பதற்காகச் சென்னையிலிருந்து ஹனோய்க்கு யாரும் மூட்டை கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் அங்கே குவிந்தன? சாம்சங் தன் செல்போன்களில் ஏறக்குறைய பாதியை வியட்நாமில் செய்கிறது. அதன் முதல் பெரிய ஆலை இருக்கும் பாக் நின் மாகாணத்திலிருந்து சீன எல்லை சில மணி நேரத் தொலைவு. பாகங்கள் லாரியிலேயே வந்து இறங்கிவிடும். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2020ல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தம் வேறு. முதலீட்டாளர் ஒருவர் இடம் தேடும்போது நிலம், மின்சாரம், துறைமுகம், பாகங்கள் தருபவர்கள், வரிச்சலுகை, அரசின் நிலைத்தன்மை என்று நீண்ட பட்டியலைக் கையில் வைத்திருக்கிறார். சம்பளமும் அதில் ஒரு வரிதான். ஆனால் தொழிலாளியிடம் பேசும்போது மட்டும் பட்டியலில் அந்த ஒரு வரிதான் இருப்பதுபோலப் பேசுவார்கள்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘வியட்நாமுக்குப் போய்விடுவோம்’ என்று இங்கே பயமுறுத்திக்கொண்டிருக்கும் காலத்தில்தான், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் செய்யத் தூத்துக்குடிக்கு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஆலை திறந்தாயிற்று.

தமிழ்நாட்டை விட்டுப் போன பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் கதையையும் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் எண்ணாயிரம் பேர் அளவுக்கு அங்கே வேலை செய்தார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். தொழிலாளிகள் அதிகம் கேட்டார்கள் என்பதற்காக மூடவில்லை. வருமான வரித்துறையோடு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வழக்கு, அதனால் ஆலைச் சொத்து முடக்கம். நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. கடைசியில் ஆர்டரையும் நிறுத்திக்கொண்டது. அதே வளாகம் பிறகு சார்ஜர் செய்யும் சால்காம்ப் கைக்குப் போனது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் கிளம்புகிறோம் என்று அறிவித்தபோது சொன்ன காரணம், பத்தாண்டுகளில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது. அவர்களுடைய கார்களை இந்தியாவில் போதுமான பேர் வாங்கவில்லை. இரண்டு இடத்திலும் வேலையிழந்தவர்கள் தொழிலாளிகள், காரணமானவர்கள் வேறு யாரோ.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். சம்பளம் ஏறினால் இடம் மாறும் தொழில்கள் இருக்கவே செய்கின்றன. எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு வேலையை உருவாக்க எத்தனை ரூபாய் முதலீடு என்று வகுத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி ரூபாய், 25,000 வேலை. ஒரு வேலைக்கு ஆறு லட்சம். வின்ஃபாஸ்ட் முதற்கட்டமாக அறிவித்தது ஏறக்குறைய 4,000 கோடி, அதிகபட்சம் 3,500 வேலை. ஒரு வேலைக்கு ஒரு கோடிக்கு மேல்.

இப்போது வட்டியைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கார் ஆலையில் ஒரு தொழிலாளிக்குப் பின்னால் நிற்கும் முதலின் வட்டி மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். அவருக்கு மாதம் 25,000 கொடுத்தாலும் வருடச் சம்பளம் மூன்று லட்சம். அவர் ஒருநாள் மெஷினை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம் அவர் கூலியைப் போலப் பல மடங்கு. காலணி ஆலையில் வட்டி அறுபதாயிரம். சம்பளம் மாதம் 12,500 என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அங்கே செலவில் பெரிய தலை சம்பளம்தான். ஆயிரம் ரூபாய் ஏற்றுவதென்றால் கார் ஆலையில் மேலாளர் முகம் சுளிப்பார். காலணி ஆலையில் உலக வரைபடத்தை எடுத்து வைப்பார்.

அதனால்தான் காலணித் தொழில் தைவானில் தொடங்கி, சீனாவுக்குப் போய், வியட்நாம், இந்தோனேசியா என்று நகர்ந்து இங்கே வந்திருக்கிறது. இங்கே வந்தபோதும் அது ஸ்ரீபெரும்புதூரில் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்யாறு, பனப்பாக்கம், உளுந்தூர்ப்பேட்டை என்று கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் கிராமங்களின் வாசலுக்கே ஆலையைக் கொண்டு வைத்தது. சம்பளம் முதலீட்டை நகர்த்துவதைக் காண வியட்நாம்வரை போக வேண்டியதில்லை. வந்தவாசியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்ளேயே தெரியும்.

உங்கள் மகள் இருக்கும் செல்போன் தொழில் இந்த இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. ஐஃபோன் 3ஜி காலத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் சிங் யூச்சிங், நீல் டெட்டெர்ட் இருவரும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் போனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் பாகங்களைப் பொருத்துவதற்கு ஆன செலவு 6.50 டாலர். மீதியெல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டுப் பாகங்களின் விலை. இந்தச் செலவுக்கு மேல் வைத்து விற்கும் லாபம் தனி. பிறகு மாடல்கள் மாறின, விலை மாறியது. போனின் விலையில் பொருத்தும் கூலி சிறு துளி என்பது மாறவில்லை. கூலியை இரட்டிப்பாக்கினாலும் கடையில் போன் வாங்குபவருக்குத் தெரியப் போவதில்லை.

பிறகு ஏன் இரட்டிப்பாக்க மாட்டேன் என்கிறார்கள்? லைனை நடத்துபவர் வேறு, பிராண்டுக்காரர் வேறு என்பதால்தான். ஃபாக்ஸ்கான் போல அடுத்தவருக்காகப் போன் பொருத்திக் கொடுக்கும் கம்பெனிகளின் நிகர லாபம் விற்பனையில் இரண்டு மூன்று விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும். பாகங்களின் விலையில் அவர்களால் கை வைக்க முடியாது. கை வைக்க முடிகிற இடம் ஆள்செலவு. கொடுக்க முடிந்தவர் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதில்லை, மேசையில் உட்கார்ந்திருப்பவரின் பையில் அதிகம் இல்லை. ஆனால் பிராண்டுக்காரர் நினைத்தால் நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஹாஸ்டல் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக்கிடந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, தங்குமிடங்களைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிறகு 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியும் திறக்கப்பட்டது.

இத்தனை கோடி வந்தும் மகள் சம்பளம் ஏன் ஏறவில்லை என்று கேட்டீர்கள். முதலீடு வந்தால் சம்பளம் ஏறத்தான் செய்கிறது, ஆனால் யாருக்கு ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஹூண்டாய் தன் தொழிற்சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் போட்டது. மூன்றாண்டில் மாதச் சம்பளத்தில் 31,000 ரூபாய் உயர்வு. உயர்வு மட்டும்! உங்கள் மகள் கையில் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், எல்லாரும் நிரந்தரத் தொழிலாளர்கள். இப்படிக் கொடுக்கும் கம்பெனி ஓடிப்போனதா? 2023ல் தமிழ்நாட்டில் பத்தாண்டுக்கு 20,000 கோடி, 2024 ஜனவரியில் அதற்கு மேலும் 6,180 கோடி என்று முதலீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட கம்பெனி அது.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9ல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த வட்டாரத்தில் இதே வேலைக்கு மற்றவர்கள் கொடுப்பதைப் போல 1.8 மடங்கு தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளூர்க் கம்பெனிகளைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பதை இந்தோனேசியா முதல் மெக்சிகோ வரை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டைவிட எங்கள் வீட்டில் சோறு அதிகம் என்பது, சங்கம் வைக்காதே என்பதற்குக் காரணமாகாது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மே மாதம் மூன்றாண்டில் 18,000 ரூபாய் உயர்வுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மே மாதத்தில்தான் அந்த ஆலையில் சாம்சங் மேலும் 1,000 கோடி முதலீடு செய்யப்போவதாகத் தொழில்துறை அமைச்சர் அறிவித்தார்.

இந்த இரண்டு இடத்திலும் ஏறியது நிரந்தரத் தொழிலாளர் சம்பளம், ஏறச் செய்தது சங்கம். உங்கள் மகளுக்கு இரண்டும் இல்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் காண்ட்ராக்ட் தொழிலாளர் பங்கு 2000 வாக்கில் ஐந்தில் ஒன்று. இப்போது ஐந்தில் இரண்டு என்கிறது அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு. முதலீடு என்னும் தண்ணீர் முதல் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. அடுத்த வயலுக்கு மடை திறக்கவில்லை.

கம்பெனி பஸ்ஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வட்டாரத்தில் ஆலைகள் பெருகினால் ஆள் கிடைப்பது கஷ்டமாகும், ஆள் பிடிக்கச் சம்பளத்தை ஏற்றுவார்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது பஸ் இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. காஞ்சிபுரம் முடிந்து வந்தவாசி, பிறகு திருவண்ணாமலை, விழுப்புரம். அதற்கப்புறம் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஆட்கள் ரயிலில் வந்து ஹாஸ்டலில் இறங்கினார்கள். பஸ் போகிற தூரம் நீண்டுகொண்டே போகும்வரை சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். வெளியூரிலிருந்து வருபவர்கள்மேல் இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று வந்தால்தான் தூரத்திலிருந்து ஆள் கொண்டுவருவதில் கம்பெனிக்கு லாபம் குறையும்.

டாலரில் கணக்குப் பார்த்தால் இன்னும் ஒன்று தெரியும். முதலீட்டாளர் பார்ப்பது ரூபாயை இல்லை. 2010ல் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றால், அன்று டாலர் 45 ரூபாய்ச் சொச்சம், ஏறக்குறைய 220 டாலர். 2025ல் அவர் சம்பளம் இரட்டித்து 20,000 ஆகியிருந்தாலும் டாலர் 86 ரூபாய், 232 டாலர். பதினைந்து வருடத்தில் கம்பெனிக்கு ஏறிய செலவு பன்னிரண்டே டாலர். இதே பதினைந்து வருடத்தில் நம் சந்தையில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சம்பளத்தை இரட்டிப்பாக்கிவிட்டோம் என்று கம்பெனி சொல்வதும் சரி, முன்பு வாங்கிய சாமானை இப்போது வாங்க முடியவில்லை என்று அம்மா சொல்வதும் சரி.

சம்பளம் ஏறிய நாடுகளில் முதலீடு என்ன ஆனது என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2010 மே மாதம் சீனாவின் ஃபோஷானில் ஹோண்டாவுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் ஆலையில் இளந்தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கியர்பாக்ஸ் வராமல் சீனாவில் ஹோண்டாவின் கார் உற்பத்தியே நின்றது. சம்பளத்தை நல்ல அளவில் ஏற்றித்தான் ஆட்களை உள்ளே கூப்பிட முடிந்தது. ஷென்சென் ஃபாக்ஸ்கானில் தொழிலாளர் தற்கொலைகள் உலகச் செய்தியானதும் அந்த ஆண்டுதான். ஜூனில் அடிப்படைச் சம்பளம் 900 யுவானிலிருந்து 1,200 ஆனது. அதோடு சீனா முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். அந்த ஆண்டு சீனாவுக்குள் வந்த வெளிநாட்டு நேரடி முதலீடு ஏறக்குறைய 10,500 கோடி டாலர், 2022ல் 18,900 கோடி. ஃபாக்ஸ்கான் சீனாவின் உள்பகுதிக்கு, செங்சௌ, செங்டு என்று நகர்ந்தது. சட்டையும் செருப்பும் தைத்த ஆலைகள் வெளிநாடு போயின. அந்த இடத்துக்கு மோட்டாரும் மின்கலமும் இயந்திரமும் வந்தன. 2022க்குப் பிறகு முதலீடு சரிந்தது உண்மை; அதற்குக் காரணம் அமெரிக்காவோடு பிணக்கு, நாட்டுக்குள் வளர்ச்சி மந்தம் என்று வேறு பல.

சிங்கப்பூர் இன்னும் துணிந்தது. 1979 முதல் மூன்று ஆண்டு, மலிவுக் கூலியை நம்பிய தொழில்கள் போகட்டும் என்றே அரசு ஆதரவோடு சம்பளத்தைப் பெரிய அளவில் ஏற்றினார்கள். நினைத்தது பெரும்பாலும் நடந்தது. ஆனால் 1985ல் பொருளாதாரம் சுருங்கியபோது, சம்பளச் செலவு உற்பத்தித்திறனை முந்திவிட்டது என்று ஒப்புக்கொண்டு சேமநிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அளவு என்று ஒன்று இருக்கிறது. நாம் இன்னும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதலாக விற்கும் போன்களின் மதிப்பில் 4 முதல் 6 விழுக்காடு கம்பெனிக்குத் தரப்பட்டது. மேலே சொன்ன 6.50 டாலர் கணக்கில் பொருத்தும் கூலி நான்கு விழுக்காட்டுக்கும் கீழே. இரண்டும் ஒரே அடிப்படையில் போட்ட கணக்கு இல்லை, ஆனாலும் அளவு புரியும்: பொருத்தும் கூலி அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும், பொதுப்பணம் உள்ளே போனது. பொதுப்பணம் வாங்கிய கம்பெனியில் மூன்று வருடம் காண்ட்ராக்ட்டிலேயே ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. தமிழ்நாடு அரசோ 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிவிடும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. யார் பேச்சு முதலில் காதில் விழுகிறது என்பது அதிலேயே தெரிந்தது.

இனி உங்கள் மகள் விஷயம். கம்பெனி வியட்நாமுக்குப் போகும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். உண்மையான ஆபத்து வேறு. தனியாக நின்று கேட்கும் காண்ட்ராக்ட் பெண்ணின் பெயரை அடுத்த மாதம் காண்ட்ராக்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். அதற்கு விமானம் ஏற வேண்டாம், ஒரு போன் போதும். ஆகவே தனியாகக் கேட்க வேண்டாம். லைனில் இருப்பவர்கள் சேர்ந்து, எழுத்தில், வட்டாரத்தில் ஏற்கெனவே இயங்கும் ஒரு சங்கத்தின் துணையோடு கேட்கட்டும். எவ்வளவு ஏற்றுவீர்கள் என்பதைவிட, எப்போது நிரந்தரமாக்குவீர்கள் என்ற கேள்வி முதலில் வரட்டும். அது கிடைத்தால் சம்பளம் பின்னால் வரும் என்பதைத்தான் ஹூண்டாயும் சாம்சங்கும் காட்டுகின்றன.

கேட்பதற்கு முன்னால் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. மொத்தச் சம்பளத்தில் பேசிக், டி.ஏ. சேர்ந்து பாதியாவது இருக்க வேண்டும். வருகை ஊக்கத்தொகை, அந்தப் படி, இந்தப் படி என்று பிரித்துப் போட்டு பேசிக்கைக் குறைத்திருந்தால் பி.எஃப்., பணிக்கொடை எல்லாமே குறையும். சரிசெய்தால் கையில் வருவது கொஞ்சம் குறையக்கூடும்; மகளின் பி.எஃப். கணக்கில் கம்பெனிப் பங்கும் சேர்ந்து ஏறும். பணி நியமனக் கடிதம் தர வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் ஆலை நடத்தும் கம்பெனியே பொறுப்பு. குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுத்தால் நிரந்தரத் தொழிலாளிக்குள்ள சம்பளமும், ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடையும் உண்டு. நிரந்தரம் உடனே கிடைக்காவிட்டால் இந்த ஏற்பாட்டையாவது கேட்கலாம்.

கேள்வி: ஐயா, சம்பளம் ஏற வேண்டும் என்று எழுதுகிறீர்கள். நான் அம்பத்தூரில் பதினெட்டுப் பேரை வைத்துக் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்கிறேன். என்னிடம் சி.என்.சி. பழகிய பையன் ஒரு வருடத்தில் ஒரகடத்துக்குப் போய்விடுகிறான். பெரிய கம்பெனி கொடுப்பதை நான் கொடுத்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். எங்களைப் பற்றியும் யோசித்தீர்களா?
– ஒரு சிறுதொழில் உரிமையாளர்

பதில்: நியாயமான கேள்வி. இதற்கு மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் செய்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. எய்ட்கென், ஹாரிசன், லிப்ஸி ஆகிய மூவர் 1996ல் வெளியிட்டது. அந்த நாடுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் கூடுதல் சம்பளம் கொடுத்தன, ஆனால் அது உள்ளூர்க் கம்பெனிகளின் சம்பளத்தை ஏற்றவில்லை. அதே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்காவில் மட்டும் அந்த ஏற்றம் கசிந்து பரவியது. காரணம் ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான்: உள்ளூர்க் கம்பெனியின் திறனும் சேர்ந்து ஏறாவிட்டால் அதனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. நல்ல ஆட்களைப் பறிகொடுப்பதோடு சரி.

நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பதும் அந்த இடத்தில்தான். ஆனால் உங்கள் பையனின் சம்பளத்தை முடிவு செய்வது ஒரகடத்துக் கம்பெனியின் மனிதவளத் துறை என்று நினைக்காதீர்கள். அதன் கொள்முதல் துறையைப் பாருங்கள். பழகப் பழகச் செலவு குறையும் என்று சொல்லி வருடாவருடம் பாகத்தின் விலையைக் குறைக்கச் சொல்வது அவர்கள்தானே? மேலே நிரந்தரத் தொழிலாளிக்கு ஏற்றிக் கொடுத்ததில் ஒரு பகுதியைக் கீழே உங்கள் விலையில் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அதை உங்கள் பதினெட்டுப் பேர் கூலியில் எடுக்கிறீர்கள். வேறு எங்கே எடுப்பீர்கள்?

உங்கள் பக்கம் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அவகாசம் தாண்டி நிலுவை வைத்தால், பணத்தைக் கொடுக்கும்வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரியிலும் 2024 ஏப்ரலிலிருந்து விதி வந்துவிட்டது. பணம் நேரத்துக்கு வந்தாலே உங்கள் வங்கி வட்டி குறையும். அந்த வட்டிப் பணத்தில் சி.என்.சி. பழகிய பையனுக்கு இரண்டாயிரம் ஏற்றிக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். இரும்பு விலை ஏறினால் பாகத்தின் விலையைத் திருத்தித் தரும் வழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது. அலுமினியத்துக்கும் இருக்கிறது. அகவிலைப்படி ஏறினால், அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால், திருத்தம் கிடையாது. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. மின்கட்டணத்துக்காக ஒன்றாக நின்றவர்கள் நீங்கள். அடுத்த விலைப் பேச்சுக்கு முன்னால், இரும்புக்கு இருப்பதுபோல் கூலிக்கும் திருத்தம் வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் ஆர்டர் போகும், எல்லாரும் கேட்டால் போகாது. மேலே அந்தத் தந்தைக்கு நான் சொன்னதும் இதையேதான்.